டச்சுக்காரர்கள் முறுக்கு சுடுகிறார்களா, அச்சு செய்கிறார்களா? (கேம், டிவி, தொழில்நுட்பம்)

கால்வாய்க்கரை:

நெதர்லாந்தின் ஐந்தோவன் ஊரில் என்னோடு வேலை பார்க்கும் டச்சுக்காரர் ஒருவர் நாற்பதைத் தாண்டிய கேமர். மதியம் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சீஸை வைத்துக் கடித்தபடி எதைப் பற்றியும் ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார். இந்த ஊரில் கருத்துக்குப் பஞ்சமில்லை, கேட்காமலே வரும். அவர் சொல்வதில் பாதியை நான் ஏற்பதில்லை. ஆனாலும் இங்கே போட்டால் நல்ல சண்டை வரும் என்று தோன்றியது.

ஹொரைசன் விளையாட்டுகள் இரண்டையும் தொடங்கினார், இரண்டையும் முடிக்கவில்லை. அவற்றைச் செய்த கெரில்லா கேம்ஸ் ஆம்ஸ்டர்டாம் நிறுவனம், ஊர்ப் பெருமை எல்லாம் உண்டு. "புல்லும் வெளிச்சமும் அவ்வளவு அழகு, அந்தப் பெண்தான் வாயை மூடவே மாட்டேன் என்கிறாள்" என்பார். நாயகி அலோய் தனக்குத்தானே பேசிக்கொண்டே நடப்பது நமக்கும் தெரிந்த கதைதான். பாவம், அந்த விளையாட்டுக்கு நேரமும் சரியில்லை. 2017ல் முதல் பாகமான ஜீரோ டான் வந்த அதே வாரம் நிண்டெண்டோ புது செல்டாவை இறக்கியது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் ஃபர்பிடன் வெஸ்ட் வந்தது, ஒரு வாரம் கழித்து எல்டன் ரிங் வந்து நின்றது.

டிவியில் அவர் பார்ப்பது செய்தி, ஃபார்முலா 1, அப்புறம் குளிர்காலச் சனிக்கிழமைகளில் 'வீ இஸ் டே மோல்' என்ற போட்டி நிகழ்ச்சி. மீதியெல்லாம் பாட்டிகளுக்காம்.

தொழில்நுட்பம் என்று பேச்சு வந்தால்தான் மனிதர் நிமிர்ந்து உட்காருவார். "நாங்கள் செய்யும் நல்ல பொருள் எதையும் நீ கடையில் வாங்க முடியாது" என்றார் ஒரு நாள். அதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். இவர்கள் முறுக்கு சுட்டு விற்கிற கூட்டம் இல்லை, முறுக்கு அச்சு செய்து விற்கிற கூட்டம். கேமில் எஞ்சின் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்), டிவியில் நிகழ்ச்சி வடிவம், சிப்பில் இயந்திரம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது வேறு யாரோ. என்ன சொல்கிறீர்கள்?

லோடிங்99:

ப்ரோ, ஒப்புக்கொள்ள முடியாது. ஜீரோ டான் 2021 முடிவதற்குள் 2 கோடி பிரதிக்கு மேல் விற்றது. அது முறுக்கு இல்லாமல் என்ன? அதற்கு முன்னால் அதே கெரில்லா செய்த கில்ஸோன் இருக்கிறது. 2013ல் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கடைக்கு வந்த அன்றே கில்ஸோன் ஷேடோ ஃபாலும் வந்தது. புது கன்சோலின் பலத்தைக் காட்ட சோனி நம்பியது இந்த ஆம்ஸ்டர்டாம் ஆட்களைத்தான்.

நம்பிக்கை ஒரு காலத்தில் ரொம்ப அதிகமாகவே போனது. 2005 இ3 கேம் கண்காட்சியில் கில்ஸோன் 2 என்று ஒரு காட்சி போட்டார்களே, நினைவிருக்கிறதா? பிஎஸ்3ல் விளையாடுவது இப்படித்தான் இருக்கும் என்று ஊரே வாயைப் பிளந்தது. பார்த்தால் முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன். நான் அப்போது சின்னப் பையன், பின்னால் யூடியூபில் பார்த்துத்தான் கோபப்பட்டேன். 2009ல் உண்மையான விளையாட்டு வந்தபோது அந்தக் காட்சிக்கு ஓரளவு பக்கத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கால்வாய்க்கரை:

தம்பி, கெரில்லா கதையிலேயே என் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. ஜப்பானிய கேம் படைப்பாளி கோஜிமா 2015ல் கொனாமி நிறுவனத்தை விட்டு வெளியே வந்தபோது கையில் எஞ்சின் இல்லை. ஸ்டுடியோ ஸ்டுடியோவாகத் தேடிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். கெரில்லாக்காரர்கள் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகும் முன்பே எஞ்சினின் மூலநிரலை ஒரு பெட்டியில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நிறுவனங்கள் பூட்டி வைத்துக் காக்கும் பொருள் அது! அதில்தான் அவருடைய டெத் ஸ்ட்ராண்டிங் விளையாட்டு உருவானது. எஞ்சினுக்கு டெசிமா என்று பெயர் வைத்தது நாகசாகி துறைமுகத்தின் தெஜிமா தீவை நினைத்து. ஜப்பான் வெளியுலகுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், 1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல், ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்கள் மட்டும் அந்தக் குட்டித் தீவில் உட்கார்ந்து வியாபாரம் செய்தார்கள்.

சோனி 2021ல் இங்கே இன்னொரு நிறுவனத்தையும் வாங்கியது. உட்ரெக்டில் உள்ள நிக்ஸஸ். அவர்கள் வேலையே அடுத்தவர் செய்த விளையாட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது. ஸ்பைடர்மேன் கணினியில் நன்றாக ஓடுகிறது என்றால் அந்தப் புண்ணியம் அவர்களுக்கு.

பழைய கேசட்:

இந்த இழையில் பிலிப்ஸ் பெயர் இன்னும் வரவில்லையே, அதுவும் ஐந்தோவன்காரர் தொடங்கியதில்!

என் பெயரில் இருக்கும் கேசட்டே அவர்களுடையது. 1963ல் லூ ஓட்டன்ஸ் குழு கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் உரிமத்தொகை கட்டாமல் செய்யலாம் என்று விட்டார்கள், அதனால்தான் ஜப்பானிலிருந்து நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர் வரை ஒரே அளவு கேசட் ஓடியது. 1982ல் சோனியோடு சேர்ந்து சிடி. அதன் நடு ஓட்டையின் அளவை அப்போதைய டச்சுப் பத்து சென்ட் நாணயத்தை வைத்து முடிவு செய்தார்கள் என்பார்கள். அச்சு என்ற பேச்சுக்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடையாது.

ஆனால் இதே பிலிப்ஸ் முறுக்கு சுடவும் ஆசைப்பட்டது. அங்கேதான் வேடிக்கை. 1978ல் வீடியோபேக் என்று ஒரு கன்சோல். விசைப்பலகை எல்லாம் வைத்தது, ஐரோப்பாவில் பலர் வீட்டில் இருந்தது. சரி, அது ஒரு மாதிரி பிழைத்தது. 1991ல் சிடி-ஐ வந்தது பாருங்கள். விளையாட்டுக் கருவியா, கலைக்களஞ்சியமா, பாட்டுப் பெட்டியா என்று செய்தவர்களுக்கே தெளிவில்லை. எல்லாமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விலையை ஏற்றினார்கள். ரிமோட் போன்ற ஒரு கட்டையை வைத்துக்கொண்டு விளையாட வேண்டும்.

அதே ஆண்டு சிகாகோ கண்காட்சியில் நடந்ததுதான் கேம் உலகின் தலையெழுத்தை மாற்றியது. சூப்பர் நிண்டெண்டோவுக்கு சிடி இணைப்பு செய்வதாக சோனி மேடையில் அறிவித்தது. மறுநாள் நிண்டெண்டோ எழுந்து, எங்கள் கூட்டாளி பிலிப்ஸ் என்றது. சோனிக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அவமானத்தில் பிறந்ததுதான் பிளேஸ்டேஷன். பிலிப்ஸுக்குக் கிடைத்ததோ, நிண்டெண்டோ பாத்திரங்களைத் தன் சிடி-ஐயில் பயன்படுத்தும் அனுமதி. அதை வைத்து 1993ல் வந்த இரண்டு செல்டா விளையாட்டுகளின் கார்ட்டூன் காட்சிகளை இன்றுவரை மீம் போட்டுச் சிரிக்கிறார்கள். நிண்டெண்டோவின் கையைப் பிடித்தும் தோற்ற நிறுவனம் என்று உலகத்தில் எத்தனை இருக்கும்?

உங்கள் சக ஊழியர் அந்த வயதுக்காரர்தானே? வீட்டில் சிடி-ஐ இருந்திருக்குமே, கேட்டுப் பாருங்கள்.

கால்வாய்க்கரை:

கேட்டேன் அண்ணா. அவருடைய அப்பா பிலிப்ஸ் தொழிற்சாலைக்காரர், ஊழியர் தள்ளுபடியில் வாங்கி வந்தாராம். தெருவில் மற்ற பையன்கள் சேகாவில் விளையாடும்போது இவர் மட்டும் வான் கோ ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தலையில் அடித்துக்கொண்டார்.

செவ்வந்தி:

நான் அனிமேஷன் துறையில் இருக்கிறேன், என் பங்குக்கு ஒன்று. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் நெதர்லாந்தில் பிறந்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? டன் ரோசெண்டால் 1994ல் தன் சொந்த ஸ்டுடியோ வேலைக்காக எழுதத் தொடங்கியது. பின்னால் அதை வைத்து ஒரு நிறுவனம் ஆரம்பித்தார், முதலீட்டாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். மென்பொருள் அவர்களிடம் மாட்டிக்கொண்டது. விடுவிக்க 1 லட்சம் யூரோ கேட்டார்கள். 2002ல் இணையத்தில் பயனர்களிடமே உண்டியல் குலுக்கினார், ஏழு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. கிக்ஸ்டார்ட்டர் என்ற சொல்லே இல்லாத காலம் அது. அன்றிலிருந்து எல்லோருக்கும் இலவசம். 2025ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ஃப்ளோ என்ற லாட்வியப் படம் பிளெண்டரில் செய்ததுதான். என் முதல் சம்பளமும் பிளெண்டரில் செய்த வேலைக்கு வந்ததுதான், அதற்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை.

பைத்தான் நிரல்மொழியும் அப்படித்தான். கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கியது. நீங்கள் சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்யலாம். இவர்கள் அச்சைப் பல நேரம் விற்பதே இல்லை, சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் கஞ்சர்கள் என்று யார் சொன்னது?

லோடிங்99:

கஞ்சத்தனம் இல்லை என்கிறீர்களா அக்கா? 2014 ஏப்ரல் வரை சொந்த உபயோகத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் படமும் பாட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்று சட்டப்படி விட்டுவைத்திருந்த நாடு அது. ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். ஈடாக ஹார்டு டிஸ்க், போன் எல்லாவற்றிலும் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள்.

யாழ்மீன்:

வணக்கம். நான் சிறுவயதிலேயே பெற்றோருடன் நெதர்லாந்துக்கு வந்தவள், படித்ததெல்லாம் இங்கேதான். தொலைக்காட்சியைப் பற்றி ஒருவரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

1999 செப்டம்பரில் பிக் பிரதர் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அல்மேர என்ற ஊரில் ஒரு வீடு, அதற்குள் முன்பின் தெரியாத சாதாரண சனம், சுற்றிவர கேமரா. ஜான் டே மோல் என்பவரின் யோசனை. எங்கள் வீட்டில் அம்மா "வேலையில்லாதவர்களைப் பார்க்க இவ்வளவு பேரா" என்று ஏசினார். அதே அம்மா 2017க்குப் பிறகு கமலஹாசன் வருகிறார் என்று ஒவ்வோர் இரவும் தமிழ் பிக் பாஸ் முன்னால் இருந்தார். அது நம்முடைய அல்மேர வீட்டின் பேரப்பிள்ளை என்று சொன்னால் நம்பவில்லை. சன் டிவியில் பெட்டி பெட்டியாகத் திறந்தார்களே 'டீலா நோ டீலா', அதுவும் ஹாலந்து சரக்குத்தான். இங்கே 'மில்யூனென்யாக்ட்' என்று ஓடியது. தி வாய்ஸ் 2010ல் இங்கே தொடங்கியது. 2022 ஜனவரியில் பாலியல் அத்துமீறல் புகார்களால் இங்கே அது திரையை விட்டே இறங்கியது. அந்தப் புகார்களை வெளியே கொண்டுவந்தது யூடியூபில் வரும் பூஸ் என்ற நிகழ்ச்சி. அதையும் தயாரித்தது பொது ஒளிபரப்பு நிறுவனம்தான்.

புதிதாக உலகம் சுற்றுவது 'தி ட்ரெய்ட்டர்ஸ்'. மூலம் 2021ல் வந்த 'டே ஃபெராடர்ஸ்'. 1629ல் படாவியா என்ற டச்சுக் கப்பல் ஆஸ்திரேலியக் கரையோரம் உடைந்து, தப்பித் தீவில் ஒதுங்கியவர்களுக்குள்ளேயே ஒரு கூட்டம் மற்றவர்களைக் கொன்று தீர்த்தது. அந்த வரலாற்றிலிருந்து வந்த யோசனை. நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட சம்பவத்தைக் கோட்டைக்குள் ஆடும் விளையாட்டாக மாற்றி விற்க இவர்களால்தான் முடியும். 2025ல் கரண் ஜோகர் இந்தியாவில் நடத்தியதும் இதைத்தான்.

எனக்கு இன்றும் மறக்காதது 2007ல் வந்த சிறுநீரக தான நிகழ்ச்சி. சாகப்போகும் ஒரு பெண், மூன்று நோயாளிகள், யாருக்குத் தன் சிறுநீரகம் என்று நேரலையில் அவர் தேர்ந்தெடுப்பார் என்றார்கள். நாடாளுமன்றம் வரை சத்தம் போனது. கடைசி நிமிடத்தில் அந்தப் பெண் நடிகை என்று சொன்னார்கள். ஆனால் நோயாளிகள் மூவரும் உண்மையான நோயாளிகள், உறுப்புக்காகக் காத்திருப்பவர்கள். அதை ஒளிபரப்பிய பிஎன்என் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தைத் தொடங்கியவரே சிறுநீரக நோயில் இறந்துபோனவர். ஆயிரக்கணக்கானோர் உறுப்பு தானப் படிவம் கேட்டு எழுதினார்கள். இன்றுவரை அது சரியா பிழையா என்று என்னால் முடிவெடுக்க இயலவில்லை.

ஐந்தோவன் அண்ணையின் நண்பருக்கு ஒரு செய்தி. அவர் உயிரை விடும் 'வீ இஸ் டே மோல்' டச்சு நிகழ்ச்சி இல்லை. பெல்ஜியத்திலிருந்து வாங்கியது.

கால்வாய்க்கரை:

😂 திங்கட்கிழமை சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் கிடைக்குமா தெரியவில்லை.

லோடிங்99:

யாழ்மீன் அக்கா, லூட் பாக்ஸ் (விளையாட்டுக்குள் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி) விஷயத்தைச் சொல்லுங்கள். அங்கே டோட்டா விளையாடுபவர்களுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியுமாமே? இது என்ன அநியாயம்!

யாழ்மீன்:

அநியாயம் இல்லை தம்பி, அதுதான் நியாயம். 2018 ஏப்ரலில் இங்குள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் பத்து விளையாட்டுகளைச் சோதித்தது. நான்கில் உள்ள பெட்டிகள் சட்டத்தை மீறுகின்றன என்றது. கிடைக்கும் பொருளைக் காசுக்கு மாற்ற வழி இருந்தால் அது சூதாட்டம் என்பது அவர்கள் கணக்கு. டோட்டாவைச் செய்த வால்வ் நிறுவனம் முதலில் இங்குள்ளவர்களுக்குப் பண்டமாற்றையே பூட்டியது. பிறகு டோட்டாவில் பெட்டியை வாங்கும் முன்பே உள்ளே இருப்பதைக் காட்டத் தொடங்கியது. பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் போ. ஆனால் அதை வாங்கினால்தான் அடுத்த பெட்டிக்குள் என்ன என்று தெரியும். கள்ளத்தனம் முழுதாகப் போய்விடவில்லை, பாருங்கள்.

பெரிய சண்டை இஏ நிறுவனத்துடன்தான். ஃபிஃபா விளையாட்டின் வீரர் பொதிகளுக்காக ஆணையம் 1 கோடி யூரோ தண்டம் விதித்தது, 2020ல் ஹேக் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் எல்லாம் கவிழ்ந்தது. பொதியைத் திறப்பது தனி விளையாட்டு இல்லை, திறமையால் ஆடும் கால்பந்து விளையாட்டின் ஒரு பகுதி, ஆகவே சூதாட்டச் சட்டம் பொருந்தாது என்றது நீதிமன்றம். சட்டப்படி எப்படியோ, பதினாலு வயதுப் பிள்ளை அப்பாவின் அட்டையை வைத்துப் பொதி திறப்பதைப் பார்த்த யாரும் அதைத் திறமை என்று சொல்லமாட்டார்கள். அதே ஆண்டு டியாப்லோ இம்மார்ட்டல் என்ற விளையாட்டு இங்கேயும் பெல்ஜியத்திலும் வெளியாகவே இல்லை. அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

2024ல் வேறு வழியாக வந்தார்கள். நுகர்வோர் ஆணையம், ஃபோர்ட்நைட் கடையில் ஓடும் கவுண்ட்டவுன் கடிகாரங்கள் பிள்ளைகளை அவசரப்படுத்துகின்றன, சிலது பொய்க் கடிகாரம் என்று அதைச் செய்த எபிக் நிறுவனத்துக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் போட்டது. சூதாட்டச் சட்டத்தைவிட இந்த வழிதான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

பழைய கேசட்:

இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 2011ல் வாட்ஸாப் வந்து குறுஞ்செய்தி வருமானம் சரிந்தபோது, அங்குள்ள பெரிய தொலைபேசி நிறுவனம் வாட்ஸாப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் என்றது. மக்கள் கொதித்த கொதிப்பில் எல்லா இணையச் சேவையையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று 2012ல் இணையச் சமநிலைச் சட்டம் வந்தது. ஐரோப்பாவிலேயே முதல் சட்டம் அதுதான்.

லோடிங்99:

சரி, சட்டம் படித்தாகிவிட்டது. நான் முறுக்குப் பக்கமே நிற்கிறேன். என் சாட்சி: ஃப்லாம்பேர் என்ற குட்டி கேம் நிறுவனம். உட்ரெக்டில் இரண்டே பேர். நியூக்ளியர் த்ரோன், லுஃப்ட்ரவுசர்ஸ், ரிடிகுலஸ் ஃபிஷிங். கடைசியாகச் சொன்னதன் கதை தெரியுமா? அவர்கள் முதலில் ஒரு இலவச மீன்பிடி விளையாட்டைச் செய்து வைத்திருந்தார்கள். ஐபோனுக்கு மாற்றி முடிப்பதற்குள் 2011ல் வேறொரு நிறுவனம் அதே யோசனையைச் சுட்டு விற்றுவிட்டது. மனம் உடைந்துபோய் இழுத்து இழுத்து 2013ல்தான் முடித்தார்கள். வந்ததும் ஆப்பிள் அதை அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்றது. ஒரு துப்பாக்கி சுடும்போது கை உணர வேண்டிய அதிர்வை இவர்கள் அளவுக்குக் கொடுத்தவர்கள் யாருமில்லை. இது அச்சு இல்லை, சுடச்சுட முறுக்கு.

செவ்வந்தி:

ஆனால் அந்த இருவரில் ஒருவர் திரை அதிர்வைப் பற்றி ஒரு பேச்சு கொடுத்தார். சப்பென்று ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, சத்தம், அதிர்வு, குண்டின் அளவு என்று ஒன்றொன்றாகச் சேர்த்துக் காட்டுவார். இன்று சிறு குழுவாக இண்டி விளையாட்டு செய்யும் எவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். எங்கள் குழுவிலும் புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவோம். முறுக்கு சுட்டவரே அச்சையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 2020ல் கடையையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. டே ப்ளாப் என்று வண்ணம் பூசிக்கொண்டே உருளும் ஒரு விளையாட்டு நிண்டெண்டோவின் வீ கன்சோலில் வந்ததே, அது உட்ரெக்ட் மாணவர்கள் நகராட்சிக்காகச் செய்தது. ரயில் நிலையப் பகுதியை இடித்துக் கட்டப் போகிறோம், புதிது எப்படி இருக்கும் என்று மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று நகராட்சி கேட்டது. உரிமையை டிஎச்க்யூ என்ற வெளியீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெரிய விளையாட்டாக்கியது. மாணவர்கள் ரோனிமோ என்று தனி நிறுவனம் தொடங்கி ஆசம்நாட்ஸ் செய்தார்கள். அதுவும் 2023ல் திவால்.

யாழ்மீன்:

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இது இயல்பான குணம் ஒன்றும் இல்லை, சந்தை சின்னது. மொத்தமே 1 கோடி 80 லட்சம் சனம். டச்சு மொழியில் மட்டும் ஒரு பெரிய விளையாட்டைச் செய்தால் போட்ட காசு திரும்பாது. தொலைக்காட்சியிலும் அதே காரணம்தான். சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளைத் தவிர எதற்கும் இங்கே குரல் மாற்றுவதில்லை, எழுத்துதான் கீழே ஓடும். ஜெர்மன்காரருக்கு எல்லாம் ஜெர்மனில் பேச வேண்டும், அவர்களிடம் அதற்கு ஆளும் பணமும் உண்டு. போகிமானின் முதன்மை விளையாட்டுகள் இன்றுவரை டச்சில் வந்ததில்லை. என் தம்பி ஆங்கிலம் படித்ததே பிகாச்சுவிடம்தான். ஆகவே இங்கே எதைச் செய்தாலும் முதல் நாளிலிருந்தே வெளியூருக்கு என்றுதான் செய்ய வேண்டும். முழு நிகழ்ச்சியை ஏற்றுமதி செய்தால் மொழி இடிக்கும், வடிவத்தைச் செய்தால் இடிக்காது. எஞ்சினுக்கும் இயந்திரத்துக்கும் மொழியே வேண்டாம்.

கால்வாய்க்கரை:

இதை நான் யோசிக்கவில்லை, நல்ல விளக்கம். இயந்திரம் என்றதும் எங்கள் பக்கத்து ஊர் நினைவுக்கு வருகிறது. ஃபெல்ட்ஹோவன். பிலிப்ஸும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து 1984ல் தொடங்கிய, சிப் செய்யும் இயந்திரங்களை உருவாக்கும் ஏஎஸ்எம்எல் அங்கேதான் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் இத்தனை பேர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 விழும், ஒவ்வொன்றையும் லேசர் அடிக்கும், அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் ஒளியால் சிப்பின் கோடுகளை வரைவார்கள். அந்த வகை இயந்திரத்தை உலகில் வேறு யாரும் செய்வதில்லை. என் நண்பரின் புது கிராஃபிக்ஸ் கார்டு தைவானில் அச்சாகி, சீனாவில் பெட்டியில் அடைபட்டு, கப்பலில் ஐந்தோவன் வந்து சேர்ந்தது. விலையைப் பார்த்து வாரம் முழுக்கப் புலம்பினார். "மூலம் இங்கேதானே, தள்ளுபடி கேளுங்கள்" என்றேன். சிரிக்கவில்லை.

பழைய கேசட்:

அப்பாவுக்கு ஊழியர் தள்ளுபடி கிடைத்த காலம் வேறு!

போகட்டும், யாரும் டெல்ஃப்ட் ஊர் கேம் நிறுவனமான டிரையம்ஃப் ஸ்டுடியோஸைப் பற்றிப் பேசவில்லை. 1999லிருந்து ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் செய்கிறார்கள், பாரடாக்ஸ் என்ற பெரிய நிறுவனம் வாங்கிய பிறகும் அதே வேலை. முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டு, என் வயதுக்கு ஏற்ற வேகம். நான்காவது பாகம் என்னிடம் இருக்கிறது. இணையத்தில் சேர்ந்து ஆட யாராவது வருகிறீர்களா?

லோடிங்99:

நான் வரேன் அண்ணா. ஆனால் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் யோசிக்கக் கூடாது.

பழைய கேசட்:

அதற்கு உத்தரவாதம் தர முடியாது தம்பி.